வயிற்றுக்குப் பூட்டு

பிலோமினா ஒரு தடவைகூட இருமவில்லை. அதனால்தான் முதலில் யாரும் பயப்படவில்லை.

மத்தியானம் சாப்பிட்ட நண்டுக்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே சொன்னாள். சாயங்காலத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி அவளைப் புரட்டிப் போட்டன. ஐஸ் பிளான்டில் வேலை முடிந்து வந்த இன்னாசி, உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தான். இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். எது உள்ளே போனாலும் போன வேகத்தில் வெளியே வந்தது. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, வயிற்றில் கிருமி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. பாதம் ஐஸ் கட்டிபோலச் சில்லிட்டிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அங்கே மூக்கில் குச்சி விட்டதோடு நிற்காமல் மலத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். கொரோனா என்றார்கள்.

"காய்ச்சல் இல்ல, சளி இல்ல. மூச்சு நல்லாத்தான் விடுதா. இது எப்படி சிஸ்டர் கொரோனா?"

"இந்தத் தடவ வர்றது இப்படித்தான் அண்ணாச்சி. நெஞ்ச விட்டுட்டு வயித்தப் புடிச்சிக்கிடுது" என்றாள் நர்ஸ். எத்தனையோ பேருக்கு இதையே சொல்லிச் சொல்லி அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது.

முதல் கொரோனா வந்தபோது இன்னாசி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். மூச்சுக்குத் தவித்தவர்களும் ஆக்சிஜன் சிலிண்டர் தேடி அலைந்தவர்களும்தான் அவன் நினைவில் இருந்தார்கள். இந்த வார்டில் அந்தச் சத்தம் எதுவும் இல்லை. கட்டில்தோறும் ஒரு வாளி இருந்தது. பினாயில் வாடையை மீறிக்கொண்டு இன்னொரு வாடை அடித்தது. ஆட்கள் நன்றாக மூச்சு விட்டார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே வற்றிப்போனார்கள். பக்கத்துக் கட்டிலில் துறைமுகத்துச் சுமைதூக்கி ஒருவர் இருந்தார். ஆள் பனைமரம் மாதிரி. இரண்டு நாளில் அவர் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், போர்வைக்கடியில் ஆள் இருக்கிறதே தெரியாமல் ஆகி, போய்விட்டார்.

பிலோமினாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் விட்டார்கள். செல்போனில் பேசுவாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

"ஷெரின் சாப்ட்டாளா? தலைக்குக் குளிச்சா ஈரத்தோட விடாதீங்க, துவட்டணும். மொட்டை மாடிக் கதவப் பூட்டியே வைங்க. கேக்குதீங்களா? எனக்கு வயித்துல புளியக் கரைக்குது."

அவள் அப்படித்தான். மகள் பள்ளிக்கூட வேனில் ஏறினால் இவளுக்கு வயிறு கலங்கும். இறங்கினால்தான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். இன்னாசி அதை வைத்து அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பான்.

நாலாம் நாள் அவள் போனை எடுக்கவில்லை. டாக்டர் உமையாள் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நடுத்தர வயது. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"எவ்வளவு ஏத்தினாலும் நிக்க மாட்டேங்குது. உப்புச்சத்து இறங்கிட்டே போகுது. கிட்னி சுணங்க ஆரம்பிச்சிருச்சு."

"வைரஸ கொல்லுத மருந்து ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

"இது குடல் சுவருக்குள்ள பதுங்கிக்குது. மருந்து அது வரைக்கும் போய்ச் சேர மாட்டேங்குது. ஆனா உங்க மனைவியை இப்ப வைரஸ் கொல்லல. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு பெரிய நரம்பு ஓடுது. வைரஸ் அந்த நரம்பைக் கிண்டிவிட்டுக்கிட்டே இருக்கு. 'விஷம், விஷம், எல்லாத்தையும் வெளிய தள்ளு'ன்னு அது ஓயாம கத்துது. உடம்பும் தள்ளிக்கிட்டே இருக்கு."

"அதுக்கு?"

"அந்த நரம்பு வாயை மூடணும்." அவர் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவு, பின்னால் முடி மாதிரி இரண்டு கம்பி. "விலா எலும்புக்குக் கீழே வச்சுத் தைச்சிடுவோம். வயித்துல இருந்து மேல போற செய்திய இது நிறுத்திடும். வார்டுல எல்லாரும் பூட்டுன்னு சொல்றாங்க. வச்ச அன்னைக்கே வாந்தி நின்னுரும். இதுவரைக்கும் வச்சவங்கள்ல முக்காவாசிப் பேர் நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க."

"அதனால வேற ஒண்ணும் வராதுல்லா?"

"பசி தெரியாது. வயிறு நிறைஞ்சதும் தெரியாது. மணி பாத்துச் சாப்பிடணும்."

"அவ்வளவுதானா?"

"எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவ்வளவுதான்."

பிலோமினாவிடம் கேட்கலாம் என்றால் அவள் நினைவோடு இல்லை. உதடு வெடித்துக் கிடந்தது. இன்னாசி சம்மதம் சொன்னான். சொல்லும்போது அது பெரிய முடிவாகவே அவனுக்குத் தோன்றவில்லை. ஆள் பிழைத்தால் போதும். பசி தெரியாவிட்டால் என்ன, நான் ஊட்டிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. பூட்டு வைத்த அன்றைக்கே வாந்தி நின்றது. ஒரு வாரத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. பிலோமினா தானாக நடந்து வந்து ஆட்டோவில் ஏறினாள்.

வீட்டு வாசலில் ஷெரின் ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிலோமினா மகள் தலையைத் தடவினாள். "வளந்துட்ட" என்றாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களைப் பார்த்தாள்.

களைப்பு என்று இன்னாசி நினைத்தான். சில நாளில் களைப்பும் போனது. வேலைக்குப் போனாள். மழலையர் வகுப்பு டீச்சர் அவள். முன்னைவிட நிதானமாக நடத்துகிறாள் என்று தலைமை ஆசிரியையே பாராட்டினார். படுத்ததும் தூங்கினாள். எதற்கும் பதறவில்லை. செல்போனில் மணி அடித்தால் சாப்பிட்டாள், அடுத்த மணி அடித்தால் கை கழுவினாள். வீட்டில் சண்டையே இல்லை. முதல் மாதம் இன்னாசிக்கு அது சொர்க்கமாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் ஷெரின் மாடிப்படியில் உருண்டு விழுந்து மோவாய் கிழிந்துவிட்டது. சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். இன்னாசி எதை எடுப்பதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிலோமினா பிள்ளையை உட்காரவைத்து, காயத்தைக் கழுவி, துணி வைத்து அழுத்திப் பிடித்து, "தையல் போடணும், வண்டிய எடுங்க" என்றாள். ஒரு தப்பும் இல்லை. தேர்ந்த நர்ஸ்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டாள். ஷெரின் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தைத் தேடுகிற மாதிரி அந்த முகத்தில் எதையோ தேடினாள்.

அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வேண்டுமென்றே சில காரியங்களைச் செய்தது. பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வயிறு வலிக்கிறது என்று பொய் சொன்னது. பிலோமினா கிளினிக்குக்குப் போன் போட்டு நேரம் வாங்கினாள். சொக்கத்தங்கமான அம்மா செய்கிற எல்லாவற்றையும் செய்தாள்.

"அப்பா, அம்மா என்னைய ஏசவே மாட்டேங்கா" என்றாள் ஷெரின் ஒரு நாள். அதைப் புகாராகச் சொன்னாள்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் இன்னாசி நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். பிலோமினா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெரின எங்க?"

"வேன் இன்னும் வரல."

"இன்னும் வரலியா? எப்பவே வந்திருக்கணும். டிரைவருக்குப் போன் போட்டியா?"

"போட்டேன். எடுக்கல. வந்துரும். எதாவதுன்னா ஸ்கூல்ல இருந்து சொல்லுவாங்க." ஒரு பாவாடையை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

இன்னாசி பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். ரயில்வே கேட் பக்கம் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் வேன் நின்றிருந்தது. உள்ளே பிள்ளைகள் சீட் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்புத் தண்ணீரில் இறங்கி ஷெரினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வீடு வரும் வரைக்கும் அவள் பல் குளிரில் கிடுகிடுத்தது.

பிலோமினா துண்டோடு காத்திருந்தாள். பிள்ளைக்குத் தலை துவட்டி, வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, பால் கொடுத்துப் படுக்கவைத்தாள். அதன் பிறகுதான் இன்னாசி கேட்டான்.

"ஏட்டி, ஒனக்குப் பதறலியா?"

அவள் யோசித்தாள். அவனை ஏமாற்ற நினைக்கவில்லை. "பதறணும்னு தெரியுதுங்க. முன்னாடின்னா வயித்துக்குள்ள ஒண்ணு கொக்கி போட்டு இழுக்கும்லா? இழுத்த உடனே காலு தானா ஓடும். இப்ப அந்த இழுப்பு இல்ல. இழுக்காம எப்படி ஓட?"

"நம்ம பிள்ள மேல பாசம்..."

"பாசமா இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு. யாரோ சொன்ன கதை மாதிரி இருக்கு." கொஞ்சம் விட்டு, "அது எனக்குக் கஷ்டமாவும் இல்ல. ஒங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கு, என்ன?" என்றாள்.

இன்னாசி பூட்டு வைத்த மற்ற குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசினான். ஊருக்குள் அப்படி நிறையப் பேர் ஆகியிருந்தார்கள். சிலர் வீட்டில் இதே அழுகை. சிலர் சந்தோஷமாக இருந்தார்கள். எந்நேரமும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருந்த ஆள் இப்போது அக்கடா என்று இருக்கிறார் என்றார் ஒருவரின் மனைவி. துறைமுகத்தில் ஒருவன் பூட்டு வைத்த பிறகு கிரேன் உச்சியில் கயிறு கட்டாமல் நடந்து சம்பள உயர்வு வாங்கி, அடுத்த மாதமே கீழே விழுந்து செத்திருந்தான். கடன் வசூலிக்கிற கம்பெனிகள் இந்த மாதிரி ஆட்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தன. யார் வீட்டுப் பொம்பளை காலில் விழுந்து கதறினாலும் இவர்களுக்கு வயிறு எரியாது. நோயே வராத இளவட்டங்கள்கூட, தேர்வு பயம் போக வேண்டும், நேர்முகத்தில் நடுங்கக் கூடாது என்று சென்னையில் பூட்டு வைத்துக்கொள்வதாகப் பேச்சு அடிபட்டது. ஜனங்கள் அவர்களுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். 'வயிறில்லாதவங்க.'

கடைசியில் இன்னாசி பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு டாக்டர் உமையாளிடம் போனான்.

"இத எடுத்துருங்க டாக்டர். ஆளு பிழைச்சிட்டா. ஆனா எம்பொண்டாட்டி இன்னும் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வரல."

டாக்டர் அதை எதிர்பார்த்திருந்தவர்போலத் தலையசைத்தார். "உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க. பயம், பாசம், பதட்டமெல்லாம் தலைக்குள்ளதான் பிறக்குதுன்னு நாங்க படிச்சோம். வயிறு பிசையிறதை வச்சுத்தான் மனசே தனக்கு என்னன்னு தெரிஞ்சுக்குது போலிருக்கு. கீழ இருந்து செய்தி வரலைன்னா மேல ஒண்ணும் எழும்ப மாட்டேங்குது. நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் வயிறு எரியுது, வயிறு குளிருதுன்னு சும்மா சொல்லி வைக்கல."

"அப்ப எடுத்துருங்க."

"அடுத்தவங்களுக்குத் தொத்துற அளவுக்கு இல்லைன்னாலும், மலத்துல இன்னும் வைரஸ் இருக்கு இன்னாசி. மாசக்கணக்கா இருக்கு. குடலை விட்டுப் போகல. பூட்டைத் திறந்தா பழையபடி ஆரம்பிக்கலாம். சிலருக்கு ஆரம்பிக்கல. சிலருக்கு முதல் தடவையவிட மோசமா வந்திருக்கு. முன்கூட்டியே சொல்ல எங்ககிட்ட வழி இல்ல."

பிலோமினாதான் பேசினாள்.

"தொறந்து பாப்போம் டாக்டர்." கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்டால் சொல்கிற குரல்.

"மோசமா ஆச்சுன்னா செத்துப்போகக்கூடும்மா."

"சரி. இவுக பிள்ளையப் பாத்துக்கிடுவாக. நான் இருந்தும் அவங்க ரெண்டு பேருக்கும் நல்லா இல்லையே. கணக்குப்படி பாத்தா தொறக்கிறதுதான் சரி."

அவள் வயிற்றுக்குப் பதிலாக இன்னாசியின் வயிறு கலங்கியது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பழைய பிலோமினாவைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் அந்த அளவுக்கு இருந்தது.

காலையில் வார்டில் சேர்த்து, கையில் மருந்து ஏற்றுகிற ஊசியைக் குத்திவைத்துவிட்டு, டாக்டர் ஒரு சின்னக் கருவியை அவள் விலாவில் வைத்துப் பூட்டை நிறுத்தினார். இன்னாசிக்கு முகக்கவசமும் அங்கியும் கொடுத்து உள்ளே இருக்கவிட்டார்கள். ஷெரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தையோடு நின்றாள்.

ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிலோமினா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். கையைக் கொண்டுபோய் வயிற்றின்மேல் வைத்தாள்.

"என்னங்க..."

"என்ன செய்யுது? குமட்டுதா?"

"பசிக்குது."

இன்னாசி கேன்டீனுக்கு ஓடினான். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து அவன் ஊட்ட, அவள் மென்றாள். மெல்ல மெல்ல அவள் வாய் கோணியது. கண்ணில் நீர் பொங்கியது. விழுங்கிவிட்டு, கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஐயோ, எம்பிள்ள. ஏன் இப்படி எலும்புந்தோலுமா நிக்கிறா? யாரும் சோறு போடலியா? மோவாயில என்ன அது?"

"படியில விழுந்தால்லா. நீதான கழுவிவிட்ட."

"நானா?" அவளுக்கு நினைவு வந்தது. வந்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஆமா. அவ்வளவு ரத்தம். நான் எப்படிச் சும்மா நின்னேன்?" மழை, வேன், மடித்து வைத்த துணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து விழுந்தன. மாதக்கணக்கில் அவள் பதறாத பதற்றமெல்லாம் சேர்ந்து அப்போது பதறினாள். இன்னாசி வெளியே நின்ற அத்தைக்குப் போன் போட்டுப் பிலோமினாவிடம் நீட்டினான்; அத்தை தன் செல்போனை ஷெரினின் காதில் வைத்தாள். "மக்கா, அம்மா இங்க இருக்கேன். அம்மாவப் பாரு. ஏன்ட்டி செருப்பில்லாம நிக்கிற? ஆஸ்பத்திரித் தரை, கிருமி இருக்கும், ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

ஏச்சு விழுந்ததும் ஷெரின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு சிரித்தாள். இன்னாசியும் சிரித்தான். டாக்டர்கூடத் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

மத்தியானத்துக்கு மேல் அது வந்தது.

முதலில் தின்ற இட்லி வந்தது. பிறகு பித்தம் வந்தது. வயிற்றுப்போக்கு தொடங்கியதும் நர்ஸ்கள் திரையை இழுத்துவிட்டார்கள். இரண்டு கையிலும் மருந்து ஏறியது. ஏறியதைவிட அதிகமாக வெளியே போனது. முதல் தடவை நாலு நாளில் ஆனது இப்போது ஒரு பொழுதுக்குள் ஆகிக்கொண்டிருந்தது. அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னாசிக்கு, கையுறையைத் தாண்டி அந்தச் சில்லிப்பு தெரிந்தது.

"பிரஷர் இறங்குது" என்றார் டாக்டர் உமையாள். "பூட்டைப் போட்டுடலாமா?"

"இன்னும் கொஞ்சம் பாப்போமே டாக்டர். தானா நின்னுச்சுன்னா?"

"நிக்கலாம். நிக்காமலும் போகலாம். நான் எதையும் உறுதியா சொல்ல முடியாது."

பிலோமினா அவன் அங்கியைப் பிடித்து இழுத்தாள். "போட்டுரச் சொல்லுங்க."

"பிலோமி, திரும்ப அப்படி ஆயிருவட்டி. கொஞ்சம் தாங்கிக்கோ."

"எனக்குப் பயமா இருக்குங்க. செத்துருவேன்னு பயமா இருக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அன்னைக்கு எவ்வளவு லேசாச் சொன்னேன், செத்தா சரின்னு. யாரு அவ, எம்பிள்ளைய விட்டுட்டுச் சாவேன்னு சொல்றதுக்கு? அவளுக்குத் தலை பின்ன வேண்டாமா? வயசுக்கு வந்தா கூட இருக்க வேண்டாமா? நான் ஒணர்வில்லாத கட்டையா இருந்தாலும் சோறு பொங்கிப் போடுவேன்லா? காயம் பட்டா கழுவிவிடுவேன்லா? அது போதும். போடச் சொல்லுங்க."

"அவளுக்கு நீ வேணும்ட்டி."

"செத்த அம்மாவவிட அது தேவலங்க."

அவள் இன்னாசியிடம் மறுபடி போனை வாங்கினாள். திரையை விலக்கச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெரின் நிமிர்ந்தாள்.

"மக்கா, நல்லாக் கேட்டுக்கோ. நாளையில இருந்து அம்மா ஒன்னையப் பாத்தும் பாக்காத மாதிரி இருப்பேன். அப்ப நீ என்ன நெனச்சுக்கணும்னா..." அடுத்த வாந்தி அவளை மடக்கிப் போட்டது. போன் கட்டிலுக்கடியில் விழுந்தது. அவள் சொல்ல வந்தது என்ன என்று யாருக்கும் தெரியாமலே போனது.

டாக்டர் இன்னாசியைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். ஆட்டியது தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

கருவியை விலாவில் வைத்தார்கள். பிலோமினாவின் விரல்கள் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. முகத்தில் இழுத்துக் கட்டியிருந்ததெல்லாம் அவிழ்ந்து, குளத்துத் தண்ணீர்போலச் சலனமற்றுப் போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாந்தி நின்றது. அவள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, தலையணையைச் சரி செய்துகொண்டாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லா இருக்கு டாக்டர்." ஈரமான தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விரலைப் போர்வையில் துடைத்தாள். "இன்னைக்குச் சரியா வரல. ஒரு ஆறு மாசம் கழிச்சுத் திரும்பத் தொறந்து பாக்கலாமா? எனக்கொண்ணும் பயமில்ல."

டாக்டர் இன்னாசியின் பக்கம் திரும்பினார். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. திறக்கச் சொல்கிற பிலோமினா எப்போதும் இவள்தான். திறந்ததும் வருகிறவள், மூடச் சொல்லிக் கெஞ்சத்தான் வருவாள். ஒருத்தி கேட்பதை இன்னொருத்தியிடம் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. இரண்டு பேருக்கும் அவன்தான் புருஷன்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடுவோம்" என்றான்.

அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தான். கண்ணாடியை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் ஷெரின் அத்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய கண். ஆனால் முகத்தில், ரொம்ப நாளைக்குப் பிறகு, வெளிச்சம் இருந்தது.

"அம்மா என்னைய ஏசினா, பாத்தீங்களா அப்பா?"

"பாத்தேன் மக்கா."

"என்னையப் பாத்து அழுதாப்பா." அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்ப எப்ப அழுவா?"

இன்னாசி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அந்த வயதுக்கு அவள் ரொம்பவும் லேசாக இருந்தாள். கண்ணாடி வழியாகப் பிலோமினா இவர்கள் இருவரையும் பார்த்து, தெரிந்தவர்களுக்கு ஆட்டுகிற மாதிரிக் கையை ஆட்டினாள். ஷெரின் பதிலுக்கு இரண்டு கையையும் ஆட்டினாள், விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.